குளிர்ந்த எஞ்சினில் கேட்கும் சத்தம்

மகன், உனக்கும் ரிஸ்னாவுக்கும் ஸலாம். சுகம் விசாரித்து எழுதும் பொறுமை இன்று என்னிடம் இல்லை, விஷயத்துக்கு வருகிறேன். பிக்கப்பின் பிரேக்கில் கோளாறு இருக்கிறது, நான் வரும்வரை வாகனத்தை எடுக்காதே என்று காலையில் இரண்டாம் தடவை போன் எடுத்துச் சொன்னேன் அல்லவா? அது பொய். பிரேக்கில் ஒரு கோளாறும் இல்லை. நோன்பு வாயோடு பெற்ற பிள்ளைக்குப் பொய் சொன்னேன். "பிரேக் நல்லாத்தானே புடிக்குது வாப்பா" என்று நீ சொன்னபோது, "நான் சொன்னாக் கேளு, எடுக்காத" என்று சத்தம் போட்டுவிட்டு வைத்துவிட்டேன். உம்மா அடுப்படியில் நின்றாள். அவள் காதில் விழும்படி உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் பொத்துவில் பஸ்ஸில் ஏறுவேன். இந்தக் கடிதத்தை உன் கையில் தந்துவிட்டு நேரே போய் வாகனத்துக்கு அடியில் படுத்துவிடுவேன். நீ வாசித்து முடிக்கும்வரை வெளியே வரமாட்டேன். முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லக்கூடிய கதை இல்லை இது.

காலையில் நீ முதல் தடவை கதைத்தபோது, பிக்கப்பைக் கழுவுவதற்காக ஸ்டார்ட் செய்து வெளியே எடுத்துக்கொண்டிருந்தாய். புதிதாக ஏசி பூட்டினதைப் பெருமையாகச் சொன்னாய், இப்போது கண்ணாடியை இறக்கவே தேவையில்லை என்றாய். நான் உன் பேச்சைக் கேட்கவில்லை மகன், உனக்குப் பின்னால் எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எஞ்சின் சுற்றுவதோடு சேர்ந்து டிக், டிக், டிக் என்று ஒரு சின்னச் சத்தம். ஒன்றிரண்டு நிமிஷத்தில் மெலிந்து நின்றுவிட்டது. பிறகு ரிஸ்னா போனை வாங்கி உம்மாவோடு கதைத்தாள், ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "நோன்ப விட்டு மூணு நாளாப் போச்சி மாமி. ஆனாலும் தல இடிக்கித்தான். அக்கரைப்பத்துக்கு வேலைக்குப் பிக்கப்புல போகக்குள்ளயும் வரக்குள்ளயும் வயித்தப் பிரட்டி சத்தி வாற மாதிரி இரிக்கி. வீட்ட வந்து கொஞ்ச நேரம் காத்தில இருந்தாச் சரியாகிரும்." உம்மா பதறிப்போனாள். "இனிப் புடிக்கவே புடிக்காத மகள். உன்னப் போல வயித்துல புள்ளய வெச்சிக்கொண்டு நோன்பு புடிச்சி நான் பட்டது போதும்" என்றாள். நான் வாசலுக்குப் போய்விட்டேன்.

வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன், சாரனை மாற்றிக் கால்சட்டை போட்டேன், பஸ் நிறுத்தம்வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். உடனே வந்திருக்கலாம். வந்து அடியில் படுத்து, புகை ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்து, அடைத்துவிட்டு, "ஒண்டுமில்ல மகன், சும்மா ஒரு நட்டுத்தான்" என்று சொல்லி, நோன்பு திறக்க உன் மாமி தரும் கஞ்சியைக் குடித்துவிட்டுக் கல்முனைக்குத் திரும்பியிருக்கலாம். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் நான் செய்ததும் அதைத்தான். யாருக்கும் தெரியாமல் அடைத்தேன். அதனால்தான் இந்த முறை எழுதிவிட்டு வருகிறேன்.

உனக்கு ஒரு தம்பியோ தங்கச்சியோ பிறக்க இருந்து வராமல் போனது என்று உனக்குத் தெரியும். உம்மா பிடிவாதமாக நோன்பு பிடித்ததால் அப்படியானது என்றுதான் உனக்குத் தெரியும். குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்தது அவ்வளவுதான். உனக்கு அப்போது நாலு வயது. நான் மருதமுனையில் நெய்த சாரன்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகக் கடைகளுக்குப் போட்டு வந்த காலம். பிக்கப்பைப் பழசாக வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஓம், இதே பிக்கப்தான், இன்று நீ கழுவிய அதே பெற்றோல் பிக்கப். நோன்பு தொடங்கி நாலைந்து நாளில் உம்மாவின் வாப்பாவை மட்டக்களப்பில் ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். உம்மாவுக்கு நாலாம் மாதம். உன்னைப் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு, ஒவ்வொரு நாளும் காலையில் அவளை ஏற்றிக்கொண்டு போவேன், பின்னேரம் கூட்டி வருவேன்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டிக் டிக் என்று கேட்டது, எனக்குக் கேட்கத்தான் செய்தது. எஞ்சினிலிருந்து எரிந்த புகை வெளியேறும் இரும்பு மெனிபோல்ட் இருக்கிறதே, அது எஞ்சினோடு சேரும் இடத்தில் கேஸ்கட் எரிந்துபோனால் வரும் சத்தம் அது. சூடு ஏறியதும் இரும்பு விரிந்து இடைவெளி மூடிக்கொள்ளும், சத்தம் நின்றுவிடும். சத்தம் நின்றதும் மனசுக்கு ஒரு நிம்மதி வரும் பார், அந்த நிம்மதியை நம்பித்தான் நான் ஓடினேன். கெபினுக்கு அடியில் போகும் புகைக்குழாயிலும் கடல் உப்பு அரித்து ஓட்டை விழுந்திருந்தது. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். கராஜுக்குப் போய்க் கேட்டேன். நோன்பு காலத்தில் மெக்கானிக் பாஸ் மத்தியானம் லுஹரோடு மூடிவிடுவார். "இது கழட்டினா ரெண்டு நாள் வேல. பெருநாளைக்குப் பொறகு கொண்டு வாங்களன்" என்றார். பெருநாளுக்குப் பிறகு என்று சொல்லி எத்தனை வேலையை நாங்கள் தள்ளிப்போடுகிறோம்! வீட்டுக்கு வந்தேன், டின்மீன் டின் ஒன்றை வெட்டி நிமிர்த்தி, ஓட்டையில் சுற்றிக் கம்பியால் இறுக்கினேன். பெரிய வேலை செய்த ஆள் மாதிரி கையைத் தட்டிக்கொண்டு எழும்பினேன்.

அந்த நாளில் மட்டக்களப்பு றோட்டு வழி நெடுகக் கிண்டிக் கிடந்தது, ஒரே புழுதி. உம்மாவுக்கு நோன்பு முறிந்துவிடும் என்று பயம். "புழுதி தொண்டைக்குள்ள போகுதுங்க, கண்ணாடிய ஏத்துங்க" என்பாள். றோட்டுப் புழுதி தானாகப் போனால் நோன்பு முறியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்கும் நாக்கு வறண்டுதான் இருந்தது, சூட்டுக் காற்று முகத்தில் அடிக்காமல் இருந்தால் நல்லது என்று நினைத்து இரண்டு பக்கமும் இறுக்கி ஏற்றிவிடுவேன். வழியில் ஆமிக்காரரின் செக் பொயின்ட்டுகள். வரிசையில் அரை மணித்தியாலம் நிற்க வேண்டும். எஞ்சினை நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆகாது, தள்ள வேண்டும், அதனால் ஓட விட்டுக்கொண்டே நிற்பேன். கண்ணாடி மூடி, எஞ்சின் ஓடி, அடியில் டின்மீன் டின். உம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருப்பாள். "என்ன?" என்று கேட்டால், "நோன்புதானே" என்பாள். எனக்கும் தலையிடித்தது. நானும் அதையேதான் நினைத்தேன். பகல் முழுக்கத் தண்ணி குடிக்காதவனுக்குத் தலையிடித்தால் வேறு என்னத்தை நினைப்பான்?

ஆனால் மகன், அதில் ஒன்று கணக்குக்கு ஒத்துவரவில்லை. நோன்புத் தலையிடி என்றால் அந்தி ஆக ஆகக் கூட வேண்டும். உம்மாவுக்கோ வீட்டுக்கு வந்து கிணற்றடியில் காற்றாட இருந்தால், நோன்பு திறக்க முதலே குறைந்துவிடும். நான் அதைக் கவனித்தேன். ஒரு நாள் இல்லை, மூன்று நாள் கவனித்தேன். காலையில் ரிஸ்னா அதே வார்த்தையைச் சொன்னபோது நான் வாசலுக்கு எழும்பிப் போனது அதனால்தான். அவள் நோன்பை விட்டும் தலையிடிக்கிறது, வாகனத்தில் ஏறினால் இடிக்கிறது, இறங்கினால் நிற்கிறது. உள்ளே ஏறும் புகை நஞ்சு என்று இதற்கு மேல் யார் வந்து சொல்ல வேண்டும்?

அன்று ஒருத்தி சொல்லவும் செய்தாள். நோன்பு பதினெட்டு என்று நினைக்கிறேன். திரும்பி வரும்போது பெரியநீலாவணையில் உம்மா வாயைப் பொத்திக்கொண்டு, நிறுத்துங்க நிறுத்துங்க என்றாள். கதவைத் திறந்து இறக்கினேன். ஓரத்தில் மீன்கூடை வைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா ஓடிவந்து அவளைத் தாங்கிப் பிடித்தாள். அவள் வாயைத் துடைக்க வாகனத்துக்குள் துணி எடுக்கக் குனிந்தவள் சடாரென்று தலையை வெளியே எடுத்தாள். "இதென்ன தம்பி, வாகனத்துக்குள்ள இப்பிடிப் புகை மணக்குது? பிள்ளத்தாச்சிய இதுக்குள்ளயா ஏத்திக்கொண்டு போறீங்க?" என்று கேட்டாள். உள்ளேயே இருந்த எங்களுக்கு அந்த மணம் பழகிப்போயிருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பழைய வாகனம் எல்லாம் இப்பிடித்தான் அம்மா" என்றேன். நாலு பேர் பார்க்க ஒரு பெண் என் வாகனத்தைக் குறை சொல்லிவிட்டாள் என்று எனக்கு ரோஷம். உம்மா அரை மயக்கத்தில் இருந்தாள், அவள் காதில் அது விழவில்லை. அதற்குப் பிறகும் மூன்று நாள் அதே பிக்கப்பில் அவளை ஏற்றிப் போனேன். இதை எழுதும்போது எழும்பி நடந்துவிட்டு வந்து உட்காருகிறேன்.

இருபத்தொன்றாம் நோன்பில் பிள்ளை போய்விட்டது. பார்க்க வந்த பெண்கள் எல்லோரும் ஒரே வார்த்தை. "மார்க்கத்துலயே விட்டுத்தந்திரிக்கே, வயித்துல புள்ளயோட என்னத்துக்கு நோன்பு புடிச்ச?" உம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "நான்தான் புடிவாதம் புடிச்சன்" என்றாள். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. டொக்டர் காரணம் எதுவும் சொல்லவில்லை. புகையால்தான் ஆனது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். நோன்பால்தான் என்று சத்தியம் செய்யவும் யாராலும் முடியாது. ஆனால் ஒன்றை ஊரே அவள் தலையில் கட்டினபோது, மற்றதை நான் வாய்க்குள் வைத்துக்கொண்டு இருந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு நோன்பிலும் அந்த இருபத்தொன்றாம் நாள் வந்தால் அவள் தொழுகைப் பாயை விட்டு எழும்ப மாட்டாள். அழுது அழுது பாவமன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்வாள். என்னத்துக்கு என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. தெரிந்தவன் எதற்குக் கேட்பான்?

பெருநாள் கழித்து பாஸிடம் கொண்டுபோனேன். அவர் மெனிபோல்ட்டைக் கழற்றினார். இரண்டு பொல்ட் அறுந்து கிடந்தது, கேஸ்கட் கரியாகியிருந்தது. டின்மீன் டின்னைக் கழற்றினபோது குழாயே கையோடு உதிர்ந்து வந்தது. கெபின் தகட்டில் வயர் போகும் ஓட்டை ஒன்றின் ரப்பர் மூடி இல்லை. குழாயின் ஓட்டைக்கு நேர் மேலே அந்த ஓட்டை. அதற்கு மேலேதான் உம்மாவின் சீற். பாஸ் விரலை விட்டுக் காட்டினார். "இதுக்குள்ளயா இத்தின நாளும் ஆள ஏத்தினீங்க? அல்லாஹ் காப்பாத்தினான் போங்க" என்றார். ஓம், காப்பாத்தினான் என்று நானும் சொல்லிவிட்டு, வெளியே போய் நின்றேன்.

அதற்குப் பிறகு அந்த வாகனத்தை விற்றுத் தொலைத்திருக்க வேண்டும். விற்றால் உம்மா ஏன் என்று கேட்பாள், அதனால் வைத்திருந்தேன். வருஷத்தில் மூன்று நாலு தடவை நானே அடியில் படுத்துப் பார்ப்பேன். வாப்பாவுக்கு வாகனத்தில் பைத்தியம் என்று நீ சிரிப்பாய். நீ கல்யாணம் முடித்து, நம் வழக்கப்படி பெண்வீட்டுக்குப் போன அன்று, பிக்கப்பின் சாவியை உன் கையில் தந்தேன். எஞ்சின் ஒயில் எப்போது மாற்றுவது, எந்த ரயருக்கு எவ்வளவு காற்று, க்ளச் எப்படி வழுக்கும் என்று ஒரு மணித்தியாலம் சொன்னேன். புகைக்குழாயைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தால் மற்றதும் சேர்ந்து வந்துவிடும் என்று பயந்தேன். என் பொய்யைக் காப்பாற்ற உன் வீட்டுக்கு அந்த வாகனத்தை அப்படியே அனுப்பிவிட்டேன். அதைத்தான் நீ மன்னிக்க வேண்டும், முடிந்தால்.

இப்போது சொல்கிறேன், கவனமாகக் கேள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் பார்க்க வேண்டும், அதனால்தான் இன்று எடுக்காதே என்றேன். சூடான பிறகு சத்தம் ஒளித்துக்கொள்ளும். வாகனத்தைக் கொட்டிலுக்குள் வைத்துப் பார்க்காதே, வெளியில் காற்றோட்டத்தில் நிறுத்து. ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதே, சில்லுக்குக் கட்டை வை, அடியில் தாங்குகட்டை கொடு. ரோச் லைட் அடித்து ஒவ்வொரு பொருத்தாகப் பார். புகை ஒழுகும் இடத்தில் சுர்மா தீட்டினது போலக் கறுப்புக் கோடு விழுந்திருக்கும். கோடு தெரியாவிட்டால் பொருத்துகளில் சவர்க்காரத் தண்ணியைத் தடவிவிட்டு, ஸ்டார்ட் பண்ணி, பின்னால் இன்னொருவர் ஈரத் துணியால் குழாய் வாயைக் கொஞ்ச நேரம் பொத்தட்டும், கைக்குத் தடித்த உறை போட்டுக்கொண்டு. ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை பொங்கும். பிறகு நிறுத்திவிட்டு, கெபினுக்கு அடியில் போகும் குழாயைத் திருப்புளியால் தட்டிப் பார். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், உக்கினது மொக்குச் சத்தம் போடும். கடற்கரையில் ஓடும் வாகனம் மேலே பளபளப்பாக இருக்கும், அடியில்தான் உக்கும். உக்கின துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதுக்குழாய் வைத்து வெல்டிங் பிடிக்க வேண்டும். அறுந்த பொல்ட்டை எடுத்துப் புதியது போட்டு, புதுக் கேஸ்கட் வைத்து இறுக்க வேண்டும். டின் சுற்றாதே, டேப் சுற்றாதே. உன் ஏசிக்காரன் தகட்டில் புதிதாக ஓட்டை போட்டானா என்று பார், போட்டிருந்தால் ரப்பர் வைத்து அடை. எல்லாம் முடியும்வரை ரிஸ்னா பஸ்ஸில் போகட்டும். முடிந்த பிறகும் யாருக்காவது வாகனத்துக்குள் தலையிடித்தால், நோன்பு, சூடு, பித்தம் என்று பேர் வைக்காமல் முதலில் கதவைத் திறந்து ஆளை இறக்கு. நாளைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு போய் டொக்டரிடம் காட்டு. வாகனத்துக்குள் புகை வந்தது என்று சொல்லிக் காட்டு. அந்த வார்த்தையை விழுங்கிவிடாதே.

இதுவரை எழுதிவிட்டுத்தான் நினைத்தேன், இந்தக் கதையை உம்மாவுக்கு முதல் உனக்குச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அடுப்படியில் கஞ்சிக்கு இஞ்சி இடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது. "விடியத் தொடக்கம் என்னத்த எழுதிக்கொண்டிரிக்கீங்க? அவன்ட பிரேக்குக்கு இவ்வளவு எழுத்தா?" என்று கேட்டுக்கொண்டு கையைத் துடைத்தபடி வந்தாள். தாள்களை அவளிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதிரையில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக வாசித்தாள். நான் வாசலில் நின்றேன், உள்ளே வந்தேன், மறுபடியும் வாசலுக்குப் போனேன். பெரியநீலாவணைக்காரி சொன்ன இடத்தில் அவள் கை நின்றதைப் பார்த்தேன். அந்தத் தாளை இரண்டு தடவை வாசித்தாள்.

முடித்துவிட்டுத் தாள்களை அடுக்கி மேசையில் வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன், ஏசுவாள் என்று நினைத்தேன், இரண்டும் இல்லை. "இருவத்தஞ்சி வருசம் நான் தவ்பா செஞ்சிட்டன்" என்றாள். "இனி நீங்க செய்ங்க."

அஸர் பாங்கு சொல்லிவிட்டது. அவள் தொழுதுவிட்டு அபாயாவைப் போட்டுக்கொண்டு கஞ்சி வாளியோடு வாசலில் நிற்கிறாள், செருப்பையும் போட்டுவிட்டாள். கடைசி வரியை எழுதிவிட்டு மடித்துப் பைக்குள் வைக்கப் போகிறேன். நாங்கள் வருகிறோம் மகன், வாகனத்தை எடுக்காதே. பஸ்ஸில் உம்மா எனக்குப் பக்கத்தில் இருப்பாளோ தெரியாது.